காஜி இல்லாத பதினாறு ஆண்டுகள்

 

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்து அமர்ந்தார். அவருடைய அக்காவின் கணவர் பிழைப்புத் தேடி வெளிநாடு சென்று ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. தொலைபேசி இல்லை, பணம் இல்லை, எங்கிருக்கிறார் என்ற தகவலும் இல்லை. அந்தச் சகோதரி மனைவியாகவும் வாழவில்லை, விதவையாகவும் இல்லை, தலாக் சொல்லப்பட்டவராகவும் இல்லை. இளைஞர் அரசு காஜியிடம் சென்று ஃபஸ்கு கேட்டிருக்கிறார். திருமணத்தை முறிக்கும் அதிகாரம் தமக்கு இல்லை, நீதிமன்றத்தை அணுகுங்கள் என்று அங்கே கூறிவிட்டார்கள். கூறியது உண்மையும்கூட.

இளைஞர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், காஜியை நியமித்தது அரசாங்கம்தானே? மார்க்கத்தில் தனக்கு வேலை இல்லை என்று சொல்லும் அரசாங்கம் அவரை ஏன் நியமிக்கிறது? வேலை உண்டு என்றால் ஏன் அதிகாரம் தரவில்லை?"

நாம் மதரஸாவில் ஓதிய கிதாபுகளில் இதற்குப் பதில் இல்லை. அங்கே காஜி என்றால் தீர்ப்பளிப்பவர். அதிகாரம் இல்லாத காஜியைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் பேசவில்லை. பதில் நம் நாட்டுச் சட்ட வரலாற்றில் இருக்கிறது. அரசையும் மதத்தையும் பிரிக்கிறோம் என்று ஆங்கிலேயர் செய்த ஒரு காரியத்திலும், பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அதில் பாதியை மட்டும் திருத்திக்கொண்ட இன்னொரு காரியத்திலும் இருக்கிறது. அதை ஜமாஅத்தார் அனைவரும் அறிந்திருப்பது நலம் என்பதால் இவ்வாண்டு மலரில் எழுதுகிறோம்.

முதலில் நம் முன்னோர்களின் நிலையைச் சற்றே நினைவுகூர்வோம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரத்துத் துணி வணிகர். அப்பாஸிய கலீஃபா மன்சூர் அவர்களைக் காஜியாகும்படி வற்புறுத்தியபோது மறுத்தார்கள், அதற்காகச் சிறையிலிடப்பட்டார்கள், ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) பக்தாதில் வஃபாத்தானார்கள். அவர்களுடைய தலைமாணாக்கர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ கலீஃபா ஹாரூன் ரஷீதின் காலத்தில் அதே பதவியை ஏற்றார்கள். 'காஜில் குஜாத்' அதாவது காஜிகளுக்கெல்லாம் காஜி என்ற பட்டம் முதன்முதலில் சூட்டப்பட்டது அவர்களுக்கே. ஆசிரியர் மறுத்ததை மாணவர் ஏற்றது பிழையா என்று மதரஸா மாணவர்கள் கேட்பதுண்டு. இரண்டும் ஒரே மத்ஹபின் பெருமைதான் என்பது நம் எண்ணம். ஒருவர் அரசனிடமிருந்து சட்டத்தைக் காப்பாற்றினார். மற்றவர் அரசனுடைய நீதிமன்றத்துக்குள் சட்டத்தைக் கொண்டுசென்றார்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. காஜியை நியமிப்பவர் ஆட்சியாளர். ஆனால் காஜி எதைக்கொண்டு தீர்ப்பளிக்கிறாரோ அந்தச் சட்டம் ஆட்சியாளருடையதன்று. அது உலமாக்களின் ஆய்வில் விளைந்தது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா' நூலை ஆட்சிப்பரப்பு முழுவதற்கும் ஒரே சட்டமாக்க கலீஃபா விரும்பியபோது, இமாமவர்களே அதை வேண்டாம் என்று தடுத்தார்கள். அரசும் மார்க்கமும் அங்கே ஒன்றாகிவிடவில்லை. முற்றாகப் பிரிந்துவிடவும் இல்லை. பதவி அரசனுடையது, அறிவு ஆலிம்களுடையது என்று ஓர் எல்லை இருந்தது. மீறப்பட்ட காலங்கள் உண்டு. எனினும் எல்லை இருந்தது.

இனி நம் பகுதிக்கு வருவோம். ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சிப் பொறுப்பு 1801ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. நவாப் பட்டம் மட்டும் 1855இல் குலாம் கவுஸ் கான் அவர்கள் மரணிக்கும்வரை நீடித்தது. அதற்கு முன்பே, வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772இல் வகுத்த திட்டத்தின்படி, திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் முஸ்லிம்களுக்கு ஷரீஅத் சட்டமும் இந்துக்களுக்கு அவர்களுடைய சாஸ்திரமும் என்று கம்பெனி முடிவு செய்திருந்தது. ஆங்கில நீதிபதிக்கு ஷரீஅத் தெரியாது. எனவே நீதிமன்றங்களில் மௌலவிகள் சட்ட அலுவலர்களாக அமர்த்தப்பட்டனர். நகரங்களுக்கும் பர்கானாக்களுக்கும் காஜிகளை நியமிப்பதற்குக் கம்பெனியே ஒழுங்குவிதிகள் இயற்றியது. அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் பட்டமான 'காஜில் குஜாத்' என்பது கம்பெனியின் சட்டப் புத்தகத்திலும் ஆங்கில எழுத்துகளில் ஏறியது!

ஆனால் மௌலவியை நம்பியிருக்க ஆங்கில நீதிபதிகளுக்கு நெடுநாள் மனமில்லை. 1791இல் சார்லஸ் ஹாமில்டன் என்பவர் 'ஹிதாயா' நூலைப் பாரசீக வழியாக ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். அது மேசைமீது வந்தபின் பக்கத்தில் ஆலிம் எதற்கு என்ற எண்ணம் மெல்ல வளர்ந்தது. 'ஹிதாயா' ஹனஃபி மத்ஹபின் நூல். கீழக்கரை, காயல்பட்டினம் முதலான நம் கடற்கரை ஊர்களில் வாழ்வோரில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். எதிரில் நிற்பவரின் மத்ஹப் எது என்று கேட்கத் தெரிந்தவர் ஆலிம்தானேயன்றிப் புத்தகமன்று.

இதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு குரல் எழுந்தது. சென்னை மாகாணத்தில் 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதியின்படி பள்ளிவாசல்கள், கோயில்கள், சத்திரங்கள் ஆகியவற்றின் மானிய நிலங்களும் வருமானமும் ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் இருந்தன. மாவட்டக் கலெக்டர் கோயில் கணக்கும் பார்த்தார், பள்ளிவாசல் கணக்கும் பார்த்தார். கிறிஸ்தவ அரசாங்கம் பிற மதத்தாரின் வழிபாட்டுக்குத் துணைபோவதா என்று மிஷனரிமார்களும் அவர்களுடைய ஆதரவாளர்களும் கண்டித்தனர். 1833இல் கம்பெனியின் இயக்குநர்கள் இத்தொடர்பை விட்டு விலகும்படி உத்தரவு அனுப்பினர். அது நடைமுறைக்கு வரத் தாமதமாயிற்று. பிற மதத்தாரின் விழாக்களில் படைவீரர் பங்கேற்கவேண்டும் என்ற விதியை ஏற்க மறுத்து, சென்னைப் படைகளின் தலைமைத் தளபதி சர் பெரிகிரின் மெயிட்லண்ட் 1838இல் பதவியையே துறந்தார்.

ஆக, நம் நாட்டில் 'அரசு மதத்திலிருந்து விலகவேண்டும்' என்ற கோரிக்கை முதலில் வலுப்பெற்றது மதப்பற்றில்லாதவர்களிடமிருந்து அன்று; மதப்பற்று மிகுந்தவர்களிடமிருந்துதான். அந்த விலகலும் எல்லா மதங்களிலிருந்தும் அன்று. 1813ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி கல்கத்தாவில் ஏற்படுத்தப்பட்ட ஆங்கிலத் திருச்சபை பிஷப்புக்கும், 1835இல் சென்னைக்கு வந்த பிஷப்புக்கும், படைமுகாம் பாதிரிமார்களுக்கும் இந்திய வரிப்பணத்திலிருந்தே சம்பளம் வழங்கப்பட்டது. பள்ளிவாசலையும் கோயிலையும் கைவிட்ட பிறகும் அந்தச் சம்பளம் நிற்கவில்லை.

1863ஆம் ஆண்டின் இருபதாம் சட்டம் பள்ளிவாசல்களிலிருந்தும் கோயில்களிலிருந்தும் அரசாங்கத்தை விலக்கியது. இனி எந்தப் பள்ளிவாசலின் சொத்தையும் அரசாங்கம் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாகாது என்றது. அரசு மேற்பார்வையில் இருந்தவற்றை முத்தவல்லிகளிடமும், மூவருக்குக் குறையாத கமிட்டிகளிடமும் ஒப்படைத்தது. கமிட்டி உறுப்பினர் அந்த மதத்தைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. (2025ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டம் வாரியத்தில் முஸ்லிமல்லாத உறுப்பினர்களுக்கும் இடம் வைத்ததையும், அது உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானதையும் வாசகர்கள் அறிவர். 1863இன் விதியை அதனோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.) ஒரு பள்ளிவாசலில் தொழும் உரிமை ஒன்றே போதும், நிர்வாகத்தின் முறைகேட்டை எதிர்த்து வழக்குத் தொடரலாம் என்ற நல்ல விதியும் அச்சட்டத்தில் இருந்தது. கமிட்டி உறுப்பினர் ஆயுள்முழுதும் பதவியில் இருக்கலாம் என்ற விதியும் இருந்தது! அந்தச் சட்டம் இன்றும் நம் ஜமாஅத்துக்குப் பொருந்துமாயின் நம் ஆண்டுப் பொதுக்குழுவில் இவ்வளவு கூட்டம் கூடாது.

அந்த ஆயுட்காலப் பதவியின் விளைவைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. கணக்குக் கேட்பார் இல்லாத இடங்களில் வக்ஃபு நிலங்கள் குத்தகையாகவும், பின் சொந்தமாகவும் மாறிப்போயின. மாற்றியவர்களில் நம்மவரும் இருந்தனர். அதனால்தான் முத்தவல்லிகள் நீதிமன்றத்தில் கணக்குச் சமர்ப்பிக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பின்னர் 1954லும் 1995லும் வக்ஃபு வாரியச் சட்டங்கள் வந்தன. இந்துக் கோயில்களின் கமிட்டிகளுக்கும் இதே கதிதான். சென்னை மாகாணத்தில் 1925இல் அறநிலையச் சட்டம் இயற்றப்பட்டது. முன்வாசல் வழியாக வெளியேறிய அரசாங்கம், கணக்குப் புத்தகத்தின் வழியாக மீண்டும் உள்ளே வந்தது.

காஜியின் கதை இதற்கு அடுத்த ஆண்டு தொடங்குகிறது. 1864ஆம் ஆண்டின் பதினொன்றாம் சட்டம், காஜில் குஜாத்தையும் நகர, பர்கானா காஜிகளையும் அரசாங்கம் நியமிப்பது உசிதமன்று என்று கூறி, அதற்கான ஒழுங்குவிதிகளை நீக்கியது. நீதிமன்றத்து மௌலவிகளும் பண்டிதர்களும் அதே சட்டத்தால் அகற்றப்பட்டனர். 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, சென்னையில் உயர் நீதிமன்றமும் தொடங்கிவிட்டிருந்தது. நீதிபதிக்கு ஷரீஅத் புத்தகத்திலிருந்து தெரியும் என்று வைத்துக்கொள்ளப்பட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் நமக்கு என்ன இழப்பு? நிகாஹுக்குக் காஜி ஷர்த்து அன்று. வலீ, இரு சாட்சிகள், ஈஜாபு, கபூல் இருந்தால் நிகாஹ் நிறைவேறும். ஊர்க் கத்தீபோ லெப்பையோ குத்பா ஓதி முடித்துவைக்கலாம். நம் கடற்கரை ஊர்களில் எந்த அரசனும் நியமிக்காமலேயே ஆலிம் குடும்பத்தார் காஜிகளாக இருந்து வந்தனர்.

ஆனால் வலீ இல்லாத பெண்ணுக்கு யார் வலீ? தந்தையும் இல்லை, பாட்டனாரும் இல்லை, சகோதரரும் சிறிய தந்தையும் இல்லை என்றால், ஷாஃபிஈ மத்ஹபின்படி ஆட்சியாளர் வலீயாவார். அவர் சார்பில் காஜி. கணவன் உணவும் உடையும் கொடுக்க இயலாதவனாகிவிட்டால் மனைவி யாரிடம் முறையிட்டு ஃபஸ்கு பெறுவாள்? காஜியிடம். கணவன் காணாமற்போனால்? அதற்கும் காஜிதான். திருமண மேடையில் காஜி ஓர் அலங்காரம். திருமணம் உடைந்து நிற்கும் வீட்டில் அவர் கட்டாயத் தேவை. 1864இன் சட்டம் எல்லோரிடமிருந்தும் அலங்காரத்தை எடுத்தது. யாருமற்ற பெண்களிடமிருந்து மட்டும் தேவையையும் எடுத்துக்கொண்டது.

பதினாறு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. இந்தியாவின் சில பகுதிகளில், திருமணத்துக்கும் வேறு சில சடங்குகளுக்கும் அரசு நியமித்த காஜி இருக்கவேண்டும் என்பது முஸ்லிம்களின் வழக்கமாக வேரூன்றியிருந்தது. அரசாங்கமே அதை ஒப்புக்கொண்டு 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டத்தை இயற்றியது. அப்போது வைஸ்ராயின் சட்டசபையில் உறுப்பினராக இருந்த சர் சையது அகமது கான் அவர்கள்தாம் இம்மசோதாவைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய மார்க்கக் கருத்துகள் பலவற்றில் நமக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் இந்தப் பணிக்காக அவர்களை நன்றியுடன் நினைப்பது கடமை. அச்சட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது டெல்லியிலும் அன்று, லக்னோவிலும் அன்று. 'செயின்ட் ஜார்ஜ் கோட்டை கவர்னரின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகள்', அதாவது நம் சென்னை மாகாணம்தான் முதலில். பிற மாகாணங்கள் விரும்பினால் பின்னர் ஏற்கலாம் என்று அமைந்தது. இன்றும் தமிழ்நாட்டில் அரசு காஜிகள் நியமிக்கப்படுவது இந்தச் சட்டத்தின் கீழேதான்.

நான்கே பிரிவுகள் கொண்ட சிறிய சட்டம். ஓர் ஊரில் கணிசமான முஸ்லிம்கள் காஜி வேண்டும் என விரும்பினால், அவ்வூரின் முக்கியமான முஸ்லிம்களைக் கலந்தாலோசித்து, தகுதியான ஒருவரை அரசாங்கம் நியமிக்கலாம். காஜி தமக்கு நாயிபுகளை அமர்த்திக்கொள்ளலாம். இதுவரை மகிழ்ச்சி. நான்காம் பிரிவு மூன்று செய்திகளைச் சொல்கிறது: இச்சட்டம் காஜிக்கு நீதித்துறை அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ தராது, எந்தத் திருமணத்துக்கும் காஜி இருந்தே ஆகவேண்டும் என்று ஆக்காது, வேறு எவரும் காஜியின் பணிகளைச் செய்வதைத் தடுக்காது.

ஜமாஅத்தார்களே, இதைப் பொறுமையாக நினைத்துப் பாருங்கள். அரசாங்கம் காஜியைத் திருப்பித் தந்தது. காஜியின் வேலையைத் தரவில்லை. 1864இல் அது காஜியோடு சேர்த்துத் தீர்ப்பையும் எடுத்துச்சென்றது. 1880இல் தலைப்பாகை மட்டும் திரும்பி வந்தது. மார்க்கத்திலிருந்து அரசு விலகுவது என்றால், மார்க்கத்தாரின் காரியத்தை மார்க்கத்தாரிடம் விட்டுவிடுவது என்று நாம் எண்ணுகிறோம். இங்கே நடந்தது அதுவன்று. அதிகாரமுள்ள பகுதி முழுவதும் அரசிடம் தங்கிவிட்டது. சடங்கான பகுதி நம்மிடம் விடப்பட்டது. அந்தச் சடங்குக்கும் ஓர் அரசு முத்திரை! நம் இளைஞர் கேட்ட இரட்டைக் கேள்விக்கு இதுவே விடை.

ஒரு நியாயத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நான்காம் பிரிவின் மூன்றாவது வாசகம் நமக்கு ஒரு பாதுகாப்பு. அரசு நியமித்தவரே காஜி, மற்றவர் ஓதிய நிகாஹ் செல்லாது என்று அச்சட்டம் சொல்லியிருந்தால், நம் மார்க்கத்தின் சாவி முழுவதும் செயலகத்துக்குப் போயிருக்கும். அப்படிச் சொல்லாமல் விட்டதனால்தான் ஊர் ஜமாஅத்தும் ஊர் இமாமும் இன்றும் நிகாஹ் நடத்துகின்றனர்.

தீர்ப்பு இல்லாத காலத்தில் கைவிடப்பட்ட பெண்கள் என்ன செய்தனர்? ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கூற்றின்படி காணாமற்போன கணவனுக்குத் தொண்ணூறு வயது நிறையும் வரை மனைவி காத்திருக்கவேண்டும். பஞ்சாப் போன்ற பகுதிகளில் சில பெண்கள், நிகாஹ் முறியவேண்டும் என்பதற்காகவே இஸ்லாத்தை விட்டு வெளியேறுவதாக அறிவித்தனர். இந்தச் செய்தி உலமாக்களின் உறக்கத்தைக் கெடுத்தது. ஹகீமுல் உம்மத் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி (ரஹ்) அவர்கள் 1930களின் தொடக்கத்தில் 'அல்ஹீலத்துன் நாஜிஸா' என்ற நூலை வெளியிட்டார்கள். மதீனாவின் மாலிகி உலமாக்களிடம் ஃபத்வா கேட்டுப் பெற்று, இவ்விஷயத்தில் மாலிகி மத்ஹபைப் பின்பற்றலாம் என்றார்கள். முஸ்லிம் காஜி இல்லாத இடத்தில் நேர்மையான முஸ்லிம்களின் ஜமாஅத் அவருடைய இடத்தில் நின்று விசாரிக்கலாம் என்றும் எடுத்துக்காட்டினார்கள். ஹனஃபி மத்ஹபின் மாபெரும் ஆலிம் ஒருவர், துயருற்ற பெண்களுக்காகத் தம் மத்ஹபின் கதவைத் தாமே திறந்து வெளியே வந்து வழிகாட்டினார்கள். தக்லீது என்றால் கண்மூடித்தனம் என்று ஏசுவோர் இதை அறிந்திருக்கமாட்டார்கள்.

உலமாக்களின் இந்த முயற்சியில் விளைந்ததே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். கணவன் இருக்குமிடம் நான்காண்டுகள் தெரியாவிட்டாலும், ஈராண்டுகள் ஜீவனாம்சம் கொடுக்காவிட்டாலும், வேறு பல காரணங்களாலும் பெண் நீதிமன்றத்தில் விடுதலை பெறலாம். இத்தகைய வழக்குகளை முஸ்லிம் நீதிபதியே விசாரிக்கவேண்டும் என்று மசோதாவில் இருந்த பகுதி மட்டும் சட்டசபையில் நீக்கப்பட்டது. உலமாக்களுக்கு அதில் மனக்குறை ஏற்பட்டது. 1864இல் எடுத்துச்செல்லப்பட்டது 1939லும் திரும்பவில்லை. ஆயினும் பெண்களுக்கு ஒரு வாசல் திறந்தது. எழுபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தபின்.

அண்மைக்காலச் செய்திகள் இரண்டு. தாருல் கஜா, ஃபத்வா ஆகியவற்றுக்குச் சட்டத்தின் கட்டாயம் கிடையாது, விரும்புவோர் கேட்டுக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் கூறியது. தலைமைக் காஜி வழங்கும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் கூறியபோது, 1880ஆம் ஆண்டின் அந்த நான்காம் பிரிவையே சுட்டிக்காட்டியது. நம்மில் சிலர் இதைப் புதிய தாக்குதல் என்று எண்ணி மனம் வருந்தினர். அது நூற்று முப்பத்தேழு ஆண்டுப் பழைய வாசகம். நாம் படிக்காமல் இருந்துவிட்டோம்.

அந்த இளைஞரிடம் இவற்றையெல்லாம் அன்று இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. நான்காம் பிரிவையும் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தையும் மட்டும் விளக்கினோம். நம் ஜமாஅத் நிர்வாகிகள் இருவர் அந்தச் சகோதரியுடன் குடும்ப நீதிமன்றத்துக்குச் சென்றனர்; கணவர் சென்ற நாள் முதல் எந்த உதவியும் வரவில்லை என்பதற்கு மஹல்லாவாசிகள் சாட்சியம் அளித்தனர். ஜீவனாம்சம் கொடுக்காத காரணத்தின்பேரில் தீர்ப்புக் கிடைத்தது. மாலிகி மத்ஹபின் அடிப்படையில் அது மார்க்கப்படியும் செல்லும் என்பதை ஆலிம்களிடம் கேட்டு உறுதிசெய்துகொண்ட பின்னரே இத்தாவைக் கணக்கிட்டோம். அவருடைய சம்மதத்துடன், பெயர் குறிப்பிடாமல் இதை எழுதுகிறோம். கடந்த ஷஅபான் மாதத்தில் அவருடைய மறுமண நிகாஹ் நம் பள்ளிவாசலில் நடைபெற்றது. தப்தரில் நீதிமன்றத் தீர்ப்பின் எண்ணையும் நாளையும் குறித்துக்கொண்டோம். தந்தை முன்பே மரணித்துவிட்டதால், வலீ என்ற இடத்தில் அந்தத் தம்பி கையொப்பமிட்டார்.